முதல் கைத்துப்பாக்கி: காசு எதற்குப் போக வேண்டும்?

வைகாசித் திருவிழா வந்தால் திருவதிகையில் தேரோடும் வீதியோரம் பலூன் கடையும் வந்துவிடும். பலகையில் வரிசை வரிசையாகக் குத்திய பலூன்கள், எதிரே ஒரு மேசை, மேசைமேல் தேய்ந்துபோன ஏர் ரைபிள். பண்ருட்டி வட்டாரத்தில் பிறந்த பெரும்பாலான பிள்ளைகள் வாழ்க்கையில் முதன்முதலாகக் குறி வைத்துச் சுடுவது அங்கேதான். முன்பெல்லாம் பலூன் வெடித்த சந்தோஷத்தோடு அந்த ஆசை முடிந்துவிடும். 2024-க்குப் பிறகு அப்படி முடிவதில்லை. பாரிஸ் ஒலிம்பிக்கில் ஜூலை 28 அன்று பத்து மீட்டர் ஏர் பிஸ்டலில் மனு பாக்கர் வெண்கலம் வென்றார். இரண்டு நாள் கழித்து சரப்ஜோத் சிங்குடன் சேர்ந்து கலப்பு அணிப் பிரிவில் இன்னொரு வெண்கலம். அதை டிவியில் பார்த்த பிள்ளைகள் வீட்டில் கேட்க ஆரம்பித்திருக்கிறார்கள்: "எனக்கும் ஒரு பிஸ்டல் வாங்கிக் கொடுங்கப்பா."

முந்திரி வியாபாரியோ, பலாப்பழ மண்டிக்காரரோ, பள்ளி ஆசிரியரோ, அந்த அப்பாவுக்குச் சட்டென எழுவது இரண்டு கேள்விகள். இது சட்டப்படி சரியா? எவ்வளவு ஆகும்? இரண்டாவது கேள்வியில்தான் பல குடும்பங்கள் ஏமாறுகின்றன. ஆகவே அதைத்தான் இங்கே விரிவாகப் பேச வேண்டும்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் அதன் கீழ் வந்த 2016 விதிகளும் காற்றுத் துப்பாக்கிக்கு ஒரு கோடு போட்டிருக்கின்றன. குழாயின் உள்விட்டம் 4.5 மில்லிமீட்டருக்குள், குண்டு வெளியேறும்போது அதன் ஆற்றல் 20 ஜூலுக்குள் இருந்தால் லைசென்ஸ் தேவையில்லை. ஒலிம்பிக்கில் சுடும் ஏர் பிஸ்டல் இந்தக் கோட்டுக்கு வெகுவாகக் கீழேயே இருக்கிறது. அதன் ஆற்றல் ஆறு ஜூல் அளவுதான். கடையில் அடையாள அட்டை நகல் வாங்கிப் பதிந்துகொள்வார்கள். பிள்ளைக்காக வாங்கினாலும் பில் பெற்றோர் பெயரில் இருக்கட்டும். அந்த பில்லைப் பத்திரமாக வைத்திருங்கள். மருந்து நிரப்பிய தோட்டாவில் சுடும் .22 பிஸ்டல் வேறு உலகம். அதற்கு லைசென்ஸ் வேண்டும், 21 வயது நிரம்பியிருக்க வேண்டும், மாவட்ட நிர்வாகமும் காவல்துறையும் விசாரித்து ஒப்ப வேண்டும், தோட்டாவுக்கும் கணக்கு உண்டு. முதல் கைத்துப்பாக்கியாக .22 வாங்குவதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஏர் பிஸ்டலில் இரண்டு மூன்று வருடம் கை பழகியவர்கள் பிறகு கிளப் வழியாக அந்தப் பக்கம் போகட்டும்.

கடைக்குள் நுழைந்ததும் பலர் கேட்பது, "இது எவ்வளவு வலுவா போகும்?" பிழை இங்கேதான் தொடங்குகிறது. பத்து மீட்டரில் இருப்பது காகிதம். அதைத் துளைக்க வலு வேண்டியதில்லை. போட்டிப் பிஸ்டலின் குண்டு அரை கிராம் எடைதான், நொடிக்கு 150 மீட்டர் வேகம்தான். வலு கூடிய பிஸ்டலை இயக்கவும் வலு வேண்டும், அது கையில் உதறவும் செய்யும், குறி சிதறும். அடுத்தது உருவம். சினிமாவில் பார்த்த பிஸ்டல்போலவே கறுப்பாக, கனமாக, அச்சு அசலாக இருக்கும் பிரதிகள் சில ஆயிரங்களில் கிடைக்கின்றன. அவை குறி பார்த்துச் சுடச் செய்யப்பட்டவை அல்ல. வெளியில் யார் கையிலாவது பார்த்தால் மக்கள் பயந்துபோவார்கள், போலீஸ் நிறுத்திக் கேட்கும். அந்தச் சில ஆயிரம் முழு நஷ்டம்.

அப்படியானால் காசு எதற்குப் போக வேண்டும்? அது புரிய, எதிரே இருக்கும் அட்டையைப் பார்க்க வேண்டும். பத்து மீட்டர் ஏர் பிஸ்டல் அட்டையில் பத்தாம் வளையத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர், சட்டைப் பொத்தான் அளவு. அங்கிருந்து ஒவ்வொரு வளையமும் எட்டு எட்டு மில்லிமீட்டராக விரிகிறது. பிஸ்டலைப் பிடிப்பதோ ஒரே கையில். மணிக்கட்டுக்குக்கூட முட்டுக்கொடுக்கக் கூடாது என்பது விதி. நீட்டிய கை ஆடாமல் இருக்கவே இருக்காது. உலக சாம்பியன் கையும் ஆடும்.

இந்த ஆட்டத்தில் இரண்டு வகை உண்டு. முன் சைட்டும் பின் சைட்டும் ஒரே நேர்கோட்டில் இருக்க, கை மொத்தமாக ஒரு மில்லிமீட்டர் இடம் பெயர்ந்தால் அட்டையிலும் ஒரு மில்லிமீட்டர்தான் விலகும். ஆனால் பின் சைட்டின் பள்ளத்துக்கு நடுவே நிற்க வேண்டிய முன் சைட் ஒரு மில்லிமீட்டர் ஒதுங்கிவிட்டால் கதை வேறு. இரண்டு சைட்டுக்கும் இடையே உள்ள தூரம் சுமார் 32 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அட்டை இருப்பது பத்து மீட்டரில். ஒரு மில்லிமீட்டர் பிசகு அங்கே 31 மில்லிமீட்டராகப் பெருகும். மூன்று வளையம் போயிற்று; பத்து என்று நினைத்துச் சுட்டது ஏழில் போய் விழும். கை ஆட்டத்தை மன்னிக்கும் அட்டை, மணிக்கட்டின் கோணலை மன்னிப்பதில்லை.

ஆகவே முதல் காசு கைப்பிடிக்கு. கிரிப் என்று கிளப்பில் சொல்லும் அந்த மரப்பிடி, உள்ளங்கையை முழுக்க நிறைக்க வேண்டும். கண்ணை மூடிக் கையை நீட்டி, பிறகு திறந்து பாருங்கள். முன் சைட் தானாகவே பள்ளத்தின் நடுவே வந்து நிற்க வேண்டும். இடமோ வலமோ சாய்ந்து நின்றால், அதை நேராக்க மணிக்கட்டு ஒவ்வொரு முறையும் உழைக்கும். நாற்பதாவது குண்டில் களைத்துப்போகும். போட்டிப் பிஸ்டல்களின் பிடி சிறியது, நடுத்தரம், பெரியது என்று அளவு வாரியாக வரும். வலக்கைக்கு வேறு, இடக்கைக்கு வேறு. அண்ணன் பிடியில் தம்பி சுட முடியாது. பொருந்தாத இடத்தில் மரத்தை அரம் வைத்து ராவுவதும், குழிந்த இடத்தில் மரப் புட்டி வைத்து நிரப்புவதும் இந்த விளையாட்டில் அன்றாட வேலை. ஒரு லட்ச ரூபாய்ப் பொருளை அரத்தால் ராவுவதா என்று மனசு பதறும். பதற வேண்டாம். பிடி உங்கள் கைக்காகத்தான் இருக்கிறது.

இரண்டாவது காசு டிரிக்கருக்கு. ஏர் பிஸ்டல் டிரிக்கர் குறைந்தது 500 கிராம் எடையைத் தாங்க வேண்டும் என்கிறது சர்வதேச விதி. போட்டிக்கு முன் எடைக்கல்லை டிரிக்கரில் மாட்டித் தூக்கிப் பார்ப்பார்கள். கல் மேலே எழும்பியும் டிரிக்கர் விடாமல் நின்றால் தேறியது. நல்ல பிஸ்டலில் முதல் இழுப்பு மெல்லிதாக வந்து ஓர் இடத்தில் நிற்கும். அதற்குமேல் விரல் நினைத்தாலே போதும். சில ஆயிரம் ரூபாய்ப் பிரதிகளிலோ இரண்டு மூன்று கிலோ இழுக்க வேண்டியிருக்கும். பிஸ்டலின் எடையே ஒரு கிலோதான்! அந்த எடையைவிட அதிகமான விசையை விரல் கொடுக்கும்போது சைட் எப்படி நேராக நிற்கும்? மேலே சொன்ன 31 மில்லிமீட்டர் கணக்கை இதோடு சேர்த்துப் பாருங்கள்.

அடுத்து, காற்றை எப்படி அடைக்கிறது என்பது. ஸ்பிரிங் பிஸ்டல்தான் மலிவு. ஆனால் குண்டு குழாயை விட்டு வெளியேறும் முன்பே உள்ளே ஸ்பிரிங் முன்னே பாய்ந்து பிஸ்டலை உலுக்கிவிடும். ஐம்பது பலூனுக்குப் போதும், அறுபது குண்டுப் போட்டிக்குப் போதாது. கார்பன் டை ஆக்சைடு குப்பியில் ஓடும் பிஸ்டலை நம் ஊருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்த வாயுவின் அழுத்தம் வெயிலோடு ஏறும்; 31 டிகிரியைத் தாண்டினால் அது திரவமாகவே நிற்காது. கடலூர் மாவட்டத்தில் கத்திரி வெயில் அடிக்கும்போது காலையில் சுட்ட குண்டு ஓரிடத்திலும் மதியம் சுட்டது வேறிடத்திலும் போகும்.

மூன்றாவது வகை ஒரே நெம்பில் காற்றை அடைப்பது. ஒவ்வொரு குண்டுக்கும் ஒருமுறை நெம்புகோலை இழுத்து மூட வேண்டும். சிலிண்டர் இல்லை, பம்ப் இல்லை, ஸ்பிரிங் உதறல் இல்லை. ரஷ்யாவின் இஷெவ்ஸ்க் நகரில் செய்த பைக்கால் 46எம் இந்த வகையில் பேர்போனது. உலகெங்கும் காசில்லாத தொடக்கக்காரர்கள் பல ஆண்டுகள் அதில்தான் பழகினார்கள். அழகில்லாத பொருள்; குறியோ கச்சிதம். பழையது ஒன்று நல்ல நிலையில் எந்தக் கிளப்காரரிடமாவது இருந்தால் தயங்காமல் பேசுங்கள். அறுபது முறை நெம்புவது சிறு பிள்ளைகளுக்குச் சிரமம் என்பது ஒன்றே குறை.

இன்று போட்டிகளில் நிலைத்துவிட்டது நான்காவது வகை: 200 பார் அழுத்தத்தில் காற்று நிரப்பிய சிலிண்டர், ஒரு நிரப்பலுக்கு நூற்றைம்பது குண்டுக்குக் குறையாது. ஆஸ்திரியாவின் ஸ்டெயர், சுவிட்சர்லாந்தின் மொரினி, ஜெர்மனியின் வால்தர், ஃபைன்வெர்க்பாவ், இத்தாலியின் பார்தினி. கிளப்பில் நாள் முழுக்கக் காதில் விழும் பெயர்கள் இவைதான். புதிதாக ஒன்றரை லட்சத்துக்குக் குறைந்து கிடைப்பது அரிது. இரண்டு லட்சத்தைத் தாண்டுவதும் உண்டு. மாதச் சம்பளக் குடும்பம் மலைத்துப்போகும் விலை. ஆனால் இந்தப் பிஸ்டல்கள் தேய்வதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பழுது பார்த்தால் இருபது வருடம் ஓடும். கல்லூரி முடித்து வேலைக்குப் போனதும் விளையாட்டை விட்டவர்கள், புது மாடலுக்கு மாறியவர்கள் என்று எல்லாக் கிளப்பிலும் யாராவது விற்பார்கள். குறைந்த காசில் நல்ல முதல் பிஸ்டல் என்று கேட்டால் என் பதில் இதுதான்: புதிய பிரதியும் வேண்டாம், புதிய ஒலிம்பிக் மாடலும் வேண்டாம், மெக்கானிக்கல் டிரிக்கர் உள்ள பழைய போட்டிப் பிஸ்டல்.

பழையதில் பார்க்க வேண்டிய முதல் இடம் சிலிண்டர். அதன்மேல் தயாரித்த தேதி அடித்திருக்கும். பொதுவாகப் பத்தாண்டு அதன் ஆயுள். சில புதிய சிலிண்டர்களுக்கு அதற்குமேலும் உண்டு. காலாவதியானதைப் போட்டியில் ஏற்க மாட்டார்கள். தவிர, 200 பார் என்பது கார் டயரின் அழுத்தத்தைப்போல நூறு மடங்கு. அதோடு விளையாடக் கூடாது. பிஸ்டல் மலிவாகக் கிடைத்து, புது சிலிண்டருக்குத் தனியாகப் பெரிய தொகை போய்விட்டால் கணக்கு தலைகீழாகிவிடும். பிறகு, சிலிண்டரை நிரப்பி இரவு முழுக்க வைத்துக் காலையில் அழுத்தமானியைப் பாருங்கள். முள் இறங்கியிருந்தால் எங்கோ கசிகிறது. உள்ளிருக்கும் ரப்பர் வளையத்தை மாற்றினால் சரியாகலாம், ஆனால் விலை பேசும்முன் தெரிய வேண்டும். கைப்பம்பில் காற்று நிரப்புகிறவர்கள் ஈரம் பிடிக்கும் வடிகட்டி வைத்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள். கடலோர மாவட்டத்தின் ஈரக்காற்று சிலிண்டருக்குள் போனால் உள்ளே அரிக்கும்.

எலெக்ட்ரானிக் டிரிக்கர் மிருதுவானது, பெரியவர்கள் பலர் அதைத்தான் விரும்புகிறார்கள். இருந்தும் முதல் பிஸ்டலுக்கு வேண்டாம் என்பேன். டோக்கியோவில் 2021 ஜூலை 25 அன்று தகுதிச் சுற்றின் நடுவே மனு பாக்கரின் பிஸ்டல் பழுதானது. கடிகாரம் ஓடிக்கொண்டிருக்க, பழுது பார்த்துத் திரும்பியபோது நேரம் கரைந்திருந்தது. 575 புள்ளிகளோடு 12-ஆவது இடம். இறுதிச் சுற்று கைநழுவியது. ஓர் ஒலிம்பிக் அணிக்கே அப்படி என்றால், பண்ருட்டியில் ஒரு சர்க்யூட் போனால் அதைச் சரிசெய்ய யாரைத் தேடுவது? மெக்கானிக்கல் டிரிக்கரை ஒரு திருப்புளியும் பொறுமையும் உள்ள கோச் மேசையிலேயே சரிசெய்துவிடுவார்.

போட்டிப் பிஸ்டலுக்குக் காசு போடச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எனக்கு அதுதான் முக்கியமானது. இந்தப் பிஸ்டல்களில் காற்றும் குண்டும் இல்லாமல் டிரிக்கரை மட்டும் வெறுமனே இயக்கிப் பழகலாம். கிளப்பில் இதை டிரை ஃபயர் என்பார்கள். ஸ்பிரிங் பிஸ்டலில் இப்படிச் செய்தால் உள்ளிருக்கும் பிஸ்டன் அடிபட்டுக் கெடும். டிரை ஃபயருக்கு ரேஞ்ச் வேண்டாம், குண்டுச் செலவு இல்லை. வீட்டுக்குள் ஒரு வெள்ளைச் சுவர் போதும். குழாயில் குண்டு இல்லை என்று இருமுறை பார்த்துவிட்டு, சுவரைப் பார்த்து நின்று, டிரிக்கர் விடும் கணத்தில் முன் சைட் அசைகிறதா என்று கவனிக்க வேண்டும். அவ்வளவுதான் பயிற்சி. தினம் அரைமணி நேரம் இதைச் செய்யும் பிள்ளை, ஞாயிறுதோறும் இருநூறு குண்டு சுடும் பிள்ளையை முந்திவிடும் என்று அனுபவமுள்ள கோச்சுகள் சொல்வதை நான் முழுக்க நம்புகிறேன். ரேஞ்சுக்குப் போக அரை நாள் பயணம் செய்ய வேண்டிய ஊர்க்காரர்களுக்கு இது வரப்பிரசாதம்.

ஆயுதத்தைவிட அதைப் பிடிப்பவரே பெரிது என்ற உண்மையைத் திருவதிகைக்காரர்களுக்கு வேறு யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை. அட்டவீரட்டத்தில் ஒன்றான நம் வீரட்டானேசுவரர் கோயிலின் தலபுராணமே திரிபுரம் எரித்த கதைதான். பூமி தேரானது, மேரு மலை வில்லானது, வாசுகி நாணானது, திருமாலே அம்பானார். மூவுலகிலும் அதற்கு மேலான ஆயுதம் யாரும் சேர்த்ததில்லை. கடைசியில் அம்பு பறக்கவே இல்லை. ஈசன் சிரித்தார், முப்புரமும் எரிந்தது. தேர்த்திருவிழாவில் ஆண்டுதோறும் நாம் கொண்டாடுவது அந்தச் சிரிப்பைத்தான். பாரிஸில் துருக்கியின் யூசுப் டிகெச், கண்ணுக்குப் பட்டையும் விசேஷ லென்ஸும் மாட்டாமல், அன்றாடக் கண்ணாடியோடு ஒரு கையைப் பாக்கெட்டில் விட்டு நின்று, கலப்பு அணிப் பிரிவில் வெள்ளி வென்ற படத்தை உலகமே பகிர்ந்தபோது எனக்கு அதிகைப் பெருமான்தான் நினைவுக்கு வந்தார். டிகெச் கையிலிருந்த பிஸ்டல் உயர்ந்த ரகம்தான். ஆனால் பார்த்தவர்கள் வியந்தது அந்த அமைதியை.

குண்டு விஷயத்தில் சிக்கனம் உதவாது. போட்டிக்குத் தட்டைத் தலை உள்ள ஈய பெல்லட்தான். அது காகிதத்தில் வட்டமாக, பிசிறில்லாமல் வெட்டும், எண்ணுவது எளிது. கூர்தலை பெல்லட் காகிதத்தைக் கிழிக்கும். பயிற்சிக்கு நடுத்தர விலை டப்பா போதும். ஒரே கம்பெனியின் ஒரே ரகத்தை மாற்றாமல் வையுங்கள். சுட்டு முடித்ததும் பிள்ளைகள் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே எதையும் தின்ன வேண்டும். ஈயம் உடம்புக்கு ஆகாது.

பாதுகாப்பைப் பற்றி நான் கடுமையாகவே சொல்வேன். ஆறு ஜூல் காகிதத்துக்குத்தான் சிறியது. கண்ணைக் குருடாக்க அது போதும். குண்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் குழாய்முனை யார் பக்கமும் திரும்பக் கூடாது. சுடாத நேரத்தில் குழாய்க்குள் பாதுகாப்புக் கொடி செருகியிருக்க வேண்டும். பிஸ்டல் பூட்டிய பெட்டியில், பெல்லட் வேறிடத்தில், சாவி பெரியவரிடம். முந்திரித்தோப்பில் போய்ப் பறவை சுடலாம் என்று ஒரு பையன் சொன்னால் அவனுக்குப் பிஸ்டல் வாங்கித் தரவே வேண்டாம். அது 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், அதைவிடப் பெரிய பாவம்.

இவ்வளவும் வாங்கும்போது கவனிக்க வேண்டியவை. வாங்குவதற்கு முன் செய்ய வேண்டியது, ஏதேனும் ரைபிள் கிளப்பில் சேர்ந்து, கிளப் பிஸ்டலிலேயே சில மாதம் சுடுவது. சென்னை எழும்பூரில், திருச்சியில், கோவையில், மதுரையில் கிளப்புகள் இருக்கின்றன. நடிகர் அஜித் குமார் 2022-ல் மாநிலப் போட்டிக்காகத் திருச்சி ரைபிள் கிளப்புக்கு வந்தபோது திரண்ட கூட்டத்தைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். கிளப் உறுப்பினராக இருந்தால்தான் மாநிலச் சங்கம், தேசிய ரைபிள் சங்கம் என்று அடுத்தடுத்த போட்டிகளின் கதவு திறக்கும். அங்கே நாலைந்து பிஸ்டலைப் பிடித்துப் பார்த்தால்தான் தன் கை எந்த அளவு என்றே தெரியும். தமிழ்நாட்டைச் சேர்ந்த ஸ்ரீநிவேதா பரமானந்தம், 2021-ல் டெல்லி உலகக் கோப்பையில் மனு பாக்கர், யஷஸ்வினி தேஸ்வாலோடு நின்று ஏர் பிஸ்டல் அணித் தங்கம் வென்றார். நம் மாநிலத்திலிருந்து அந்த உயரத்துக்கு வழி இருக்கிறது.

ஆனால் நம் மாவட்டத்திலிருந்து? இளவேனில் வாலறிவன் 1999-ல் பிறந்தது கடலூரில். 2019-ல் சீனாவின் புதியானில் நடந்த உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் ஏர் ரைபிள் தங்கம் வென்றவர்; டோக்கியோ, பாரிஸ் இரண்டு ஒலிம்பிக்கிலும் இந்தியாவுக்காக நின்றவர். அவர் வளர்ந்தது அகமதாபாத்தில். துப்பாக்கி பிடித்துத் தேர்ந்தது ககன் நாரங் தொடங்கிய பயிற்சி மையத்தில். பெயரிலேயே தமிழ் மணக்கும் அந்தப் பெண் கடலூரிலேயே வளர்ந்திருந்தால் பழகுவதற்கு எங்கே போயிருப்பார் என்று நினைத்தால் எனக்கு மனசு கனக்கிறது. செகண்ட் ஹேண்டில் ஒரு பிஸ்டலை எப்படியாவது சேர்த்து வாங்கிவிடலாம். வாராவாரம் சென்னைக்கோ திருச்சிக்கோ பிள்ளையோடு ஒருவர் போய்வரும் பஸ் செலவும், அதற்காக இழக்கும் ஒரு நாள் கூலியும்தான் இரண்டே வருடத்தில் பிஸ்டல் விலையைத் தாண்டிப்போகும்.

பத்து மீட்டர் ரேஞ்சுக்குப் பெரிய மைதானம் வேண்டாம். மின்விளக்கு உள்ள நீண்ட கூடம், ஒரு சுடுநருக்கு ஒரு மீட்டர் அகலம், குண்டைத் தாங்கும் பின்சுவர், அட்டையின் நடுப்புள்ளியை 1.40 மீட்டர் உயரத்தில் நிறுத்தும் சட்டம், கண்டிப்பான ஒரு பொறுப்பாளர். கடலூர் அண்ணா விளையாட்டரங்கத்தில் எட்டு வரிசையும், பண்ருட்டியில் ஒரு பள்ளிக் கூடத்தில் நான்கு வரிசையும், பிள்ளைகள் முறைவைத்துச் சுட நான்கைந்து பொதுப் பிஸ்டல்களும் வந்தால், முதல் வருடம் எந்தக் குடும்பமும் பிஸ்டல் வாங்கவே வேண்டியிருக்காது. மாவட்ட நிர்வாகத்திடமும் மாநில விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்திடமும் பெற்றோர்கள் கூடிப்போய்க் கேட்க வேண்டியது இதைத்தான்.